அத்திகும்பாக் கல்வெட்டை நேரில் வாசிப்பது எப்படி: காரவேலனின் சமணக் கொடையும் நம்பிக்கையும் வரிவரியாக

ஒடிசாவில் புவனேசுவரத்தை அடுத்த குகை அத்திகும்பா. தமிழில் அதன் கல்வெட்டு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒரே ஒரு வரி. தமிழர் கூட்டணியைக் கலிங்க மன்னன் காரவேலன் உடைத்தான் என்று சொல்லும் 11ஆம் வரி அது. மேடையிலும் முகநூலிலும் அதை மேற்கோள் காட்டாதவர் குறைவு. மற்ற 16 வரிகளைப் பார்த்தவர்களோ மிகக் குறைவு. அந்தக் கல்வெட்டு அருகர்களுக்கு வணக்கம் சொல்லித் தொடங்குகிறது. துறவிகளுக்குக் குமரி மலையில் (இன்றைய உதயகிரி) இடம் செய்து கொடுத்ததைக் கடைசிப் பகுதியில் வைக்கிறது. போர்களெல்லாம் இவை இரண்டுக்கும் நடுவே வருகின்றன. இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு வாசித்தால்தான் காரவேலன் சமணத்துக்கு என்ன செய்தான், எதை நம்பினான் என்பது பிடிபடும்.

புவனேசுவரம் போய்ப் பாறைக்கு எதிரே நின்று வாசிக்க விரும்புவோருக்காக இதை எழுதுகிறோம். வீட்டிலிருந்தே படங்களை வைத்து வாசிப்போருக்கும் இதே முறைதான்.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

கல்வெட்டின் மூலபாடத்தை வரி எண்களோடு அச்செடுங்கள். ஒரே பதிப்பு போதாது. ஜெயஸ்வாலும் பானர்ஜியும் சேர்ந்து வாசித்த பாடம் ஒன்று, தினேஷ் சந்திர சர்க்கார் கொண்ட பாடம் இன்னொன்று என இரண்டாவது வேண்டும். ஒரு தாளில் இரண்டையும் பக்கத்துப் பக்கமாக வைத்து, எங்கெல்லாம் வேறுபடுகின்றனவோ அங்கெல்லாம் சிவப்பு மையில் அடிக்கோடிடுங்கள். இந்த வேலைக்கு ஒரு மாலை முழுக்கப் போகும். ஆனால் இதைச் செய்யாமல் போகிறவர் பாறையில் பார்ப்பது தேய்ந்த கோடுகளைத்தான்.

எழுத்துப் பயிற்சிக்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல இடம் உண்டு. கரூர் மாவட்டம் புகளூரில் ஆறுநாட்டார் மலைக்குப் போங்கள். சேரர் குலத்து இளங்கடுங்கோ இளவரசுப் பட்டம் ஏற்றபோது யாற்றூர்ச் செங்காயபன் என்ற சமணத் துறவிக்காக வெட்டுவித்த கல் அங்கே இருக்கிறது. அதன் தமிழ்ப் பிராமியில் வரும் அ, க, ந, ம, ர, ல, வ ஆகியவை அத்திகும்பாவின் பிராமியிலும் ஏறத்தாழ அதே வடிவில் வரும். அத்திகும்பாவுக்காகக் கூடுதலாகப் படிக்க வேண்டியவை மூச்சு சேர்ந்த ஒலிகளான இரண்டாம் க (kha), நான்காம் த (dha) போன்றவையும், மூன்றாம் க (ga), ஜ (ja), மூன்றாம் த (da) போன்றவையும், ஹ, ஸ ஆகியவையும்தான். அரசன் துறவிக்குக் கல்லில் இடம் வெட்டித் தருவது என்ற வழக்கத்தையும் அந்த மலையிலேயே பார்த்துப் பழகிவிடலாம்.

கையில் எடுத்துச் செல்ல வேண்டியவை: 8 மடங்கு பெரிதாக்கும் இருகண் தொலைநோக்கி, 17 வரிக்கு 17 கட்டம் போட்ட குறிப்பேடு, பிராமி எழுத்து அட்டவணை, குகை அறைகளுக்குள் பார்க்கச் சிறு டார்ச். சுண்ணக்கட்டி, தண்ணீர், மாவு என எதையும் எழுத்தின்மேல் பூசாதீர்கள். 1958ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடம் இது. கரடுமுரடான மணற்கல்லில் ஒருமுறை ஏறிய சுண்ணம் எளிதில் போகாது. மைப்படி எடுக்கத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும்.

இடமும் வெளிச்சமும்

சென்னையிலிருந்து ஹவுராவை ஒட்டிய ஷாலிமார் செல்லும் கோரமண்டல் போன்ற ரயில்கள் புவனேசுவரத்தில் நிற்கும். நகரின் மேற்கே 6, 7 கிலோமீட்டர் தொலைவில் சாலையின் இருபுறமும் இரு குன்றுகள்: உதயகிரி, கண்டகிரி. உதயகிரியில் எண்ணிட்ட 18 குகைகள், கண்டகிரியில் 15. அத்திகும்பா உதயகிரியின் 14ஆம் குகை. இயற்கையான பாறைப் பொந்து போன்ற அகன்ற குகை அது. எழுத்துகள் அதன் உள்ளே இல்லை, நெற்றிபோல் முன்னே நீண்ட மேற்பாறையில் இருக்கின்றன. ஆகவே அண்ணாந்துதான் வாசிக்க வேண்டும். தொலைநோக்கி தேவைப்படுவது இதற்குத்தான்.

நண்பகல் வெளிச்சத்தில் எதுவும் தெரியாது. வெயில் சாய்வாக விழும் காலையிலும் மாலையிலும்தான் வெட்டுப் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி நிற்கும். வாயில் திறந்ததும் நேரே அத்திகும்பாவுக்குப் போய்விட்டு, மற்றக் குகைகளை நடுப்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தை, மாசி வாக்கில் மாக சப்தமியை ஒட்டிக் கண்டகிரியில் பெரிய மேளா நடக்கும். அந்த நாட்களில் குன்றடி முழுக்கக் கூட்டம், வாசிப்புக்கு ஆகாது. குரங்குகள் எப்போதும் உண்டு. தின்பண்டத்தைப் பையில் வெளியே தெரியும்படி வைக்க வேண்டாம்.

முதல் வரி: இங்கே அவசரப்படாதீர்கள்

இடது ஓரத்தில் முதலில் மங்கலக் குறிகள் தென்படும். அவற்றில் ஸ்வஸ்திகத்தை யாரும் அடையாளம் காணலாம். இன்னொன்றை வத்தமங்கலம் என்றும் ஸ்ரீவத்சம் என்றும் சொல்வார்கள். கல்வெட்டு முடியும் இடத்தில் வேலிக்குள் நிற்கும் மரம் ஒன்று செதுக்கப்பட்டிருக்கும். காளையின் குளம்படி போன்ற குறியான நந்திபாதமும் உண்டு. இந்த நான்கையும் முதலில் கண்டுபிடித்துக் குறித்துக்கொண்டால் கல்வெட்டின் தொடக்கமும் முடிவும் கண்ணுக்குப் பிடிபடும்.

இனி எழுத்து. முதற்சொல் 'நமோ'. படுக்கைக் கோட்டின்மேல் ஒரு செங்குத்துக் கோடு நின்றால் அது ந. கீழே வட்டம், மேலே வாய்திறந்த அரைவட்டம், பார்க்க இரு கொம்பு முளைத்த தலை போல இருப்பது ம. அடுத்து 'அரஹந்தானம்'. ர என்பது வெறும் நேர்கோடு. ஹ வளைந்த கொக்கி. இவற்றைப் பிடித்துவிட்டால் முழுத் தொடரும் வாய்க்கு வந்துவிடும்:

நமோ அரஹந்தானம். நமோ ஸவஸிதானம்.

அருகர்களுக்கு வணக்கம், எல்லாச் சித்தர்களுக்கும் வணக்கம் என்பது பொருள். இங்கே ஒரு எழுத்து விதியை நினைவில் வையுங்கள். இந்தக் காலப் பிராகிருத எழுத்தில் இரட்டை மெய்யை ஒற்றையாகவே வெட்டுவார்கள். 'ஸவ்வ' என்பது 'ஸவ' என்றும், 'ஸித்த' என்பது 'ஸித' என்றும்தான் கல்லில் நிற்கும். ஒலிக்கும்போது இரட்டித்துக்கொள்ள வேண்டும். இதை அறியாதவர்கள் எழுத்து விடுபட்டுப் போயிற்று என்று எண்ணிக் குழம்புகிறார்கள்.

இன்று தமிழ்ச் சமணர் வீட்டிலும் ஓதப்படும் பஞ்ச நமஸ்கார மந்திரத்தில் வணக்கம் ஐவருக்கு: அருகர், சித்தர், ஆசிரியர், உபாத்தியாயர், சாதுக்கள். கல்லில் இருப்பவை முதல் இரண்டின் வடிவம்தான். 'ஐந்தும் அத்திகும்பாவில் இருக்கிறது' என்று எங்காவது படித்தால் அது தவறு.

அருகரையும் சித்தரையும் ஏன் தனித்தனியே வணங்க வேண்டும்? சமணத்தின் அடிப்படையே இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. உயிர் இயல்பில் முழு அறிவும் முழு இன்பமும் உடையது. சொல்லாலும் செயலாலும் எண்ணத்தாலும் அதற்குள் வினை வந்து படிகிறது. வினையைச் சமணம் நுண்ணிய பருப்பொருளாகவே கொள்கிறது, ஈரத் துணியில் தூசி ஒட்டுவதைப் போல. வினை வரும் வழி ஊற்று. அது உயிரோடு பிணைவது கட்டு. வருவதைத் தடுப்பது செறிப்பு. பழையதை நோன்பாலும் தவத்தாலும் கழிப்பது உதிர்ப்பு. எல்லாம் கழிந்த நிலை வீடு. இந்த ஐந்தோடு உயிர், உயிரல்லது, புண்ணியம், பாவம் சேர்ந்தால் தமிழ்ச் சமண நூல்கள் சொல்லும் ஒன்பது பொருள்கள் ஆகிவிடும்.

வினை எட்டு வகை. அறிவை மறைப்பது, காட்சியை மறைப்பது, மயக்குவது, ஆற்றலைத் தடுப்பது ஆகிய நான்கும் உயிரின் குணத்தையே தாக்குபவை. இவை காதி வினைகள். இன்ப துன்ப நுகர்ச்சி, ஆயுள், உடலமைப்பு, குலம் ஆகியவற்றைத் தரும் மற்ற நான்கும் அகாதி வினைகள். காதி நான்கையும் அழித்து, உடலோடு இருந்து பிறருக்கு வழி சொல்பவர் அருகர். எட்டும் அழிந்து உடல் நீங்கி உலகின் உச்சியில் நிலைத்தவர் சித்தர். நிலையில் சித்தர் மேலானவர்தான். ஆனால் வழியைச் சொல்லித் தந்தவர் அருகர், அதனால் முதல் வணக்கம் அவருக்கு. காரவேலனின் கல்தச்சர் இந்த வரிசையை மாற்றவில்லை.

வணக்கத்தை அடுத்து அரசனின் பட்டங்கள்: ஐர, மகாராஜ, மகாமேகவாகன, சேதி அரச வமிசத்தை வளர்ப்பவன், கலிங்காதிபதி, 'ஸிரி காரவேல'. பெயரில் கவனம் வேண்டும். 1837இல் பிரின்செப் இதை வெளியிட்டபோது அரசனின் பெயரையே 'ஐர' என்று கொண்டுவிட்டார். காரவேலன் என்ற பெயரை 1885இல் சரியாகப் பிரித்தவர் பகவான்லால் இந்திரஜி. 'கார் வேல்' என்று தமிழாக்கிப் பொருள் சொல்லும் வழக்கமும் உண்டு. கல்லில் உள்ள முதலெழுத்தோ மூச்சு சேர்ந்த இரண்டாம் க: அடியில் சிறு வட்டம், மேலே கொக்கி. பெயருக்குப் பொருள் சொல்லத் துணிபவர் அந்த எழுத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வது நல்லது.

ஆண்டுவாரி எலும்புக்கூடு

இரண்டாம் வரியிலிருந்து இது வாழ்க்கை வரலாறு. 15 ஆண்டு இளமை விளையாட்டு. பிறகு எழுத்து, நாணயம், கணக்கு, வழக்கு, நெறிமுறை ஆகியவற்றில் தேறி 9 ஆண்டு இளவரசன். 24 நிறைந்ததும் முடிசூட்டு. அதன்பின் ஒவ்வொரு ஆட்சியாண்டும் எண்ணிட்டு வரும். குறிப்பேட்டில் ஆண்டு எண்ணை இடப்பக்கம் எழுதி வலப்பக்கம் ஓரிரு சொல்லில் செயலைக் குறியுங்கள்:

1ஆம் ஆண்டு: புயலில் சேதமான கலிங்கநகரியின் வாயில், மதில், மாளிகைகளைச் செப்பனிட்டது, ஏரிக்கரை, தோட்டங்கள்.
2: சாதவாகன அரசன் சாதகர்ணியைப் பொருட்படுத்தாமல் மேற்கே படை.
3: காந்தர்வ வேதம் அறிந்த அரசன் ஆடல், பாடல், இசை, விழாக்களால் நகரை மகிழ்வித்தது.
4: ரதிகரும் போஜகரும் பணிந்தது.
5: நந்த அரசன் வெட்டிய கால்வாயை நகருக்குள் நீட்டியது.
6: வரி நீக்கம்.
8: கோரதகிரியைத் தாக்கி இராசகிருகத்தை நெருக்கியது.
9: பிராமணர்களுக்கு விலக்குரிமை, 38 லட்சம் செலவில் மகாவிஜய மாளிகை.
11: பிதுண்ட நகரைக் கழுதை ஏர் பூட்டி உழுதது, தமிழர் கூட்டணி.
12: மகதம்.
13: குமரி மலை.

7ஆம் ஆண்டுப் பகுதி மிகவும் சிதைந்தது. 10ஆம் ஆண்டில் பாரதவர்ஷத்தை நோக்கிய படையெடுப்பு என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். லட்சக் கணக்குகள் வரும் இடங்களில் எந்தக் காசு என்று கல் சொல்வதில்லை. இன்றைய ரூபாய்க்கு மாற்றிக் காட்டும் கணக்குகளை ஒதுக்கிவிடுங்கள்.

காலக் கணிப்புக்குப் பிடிமானம் 5ஆம் ஆண்டுக் கால்வாய். அது வெட்டப்பட்டு 'தி வஸ ஸத' ஆயிற்று என்கிறது கல். இதை 103 என்றும் கொள்ளலாம், 300 என்றும் கொள்ளலாம். நந்தர் ஆட்சி முடிந்தது கி.மு. 321 வாக்கில். அதிலிருந்து 103 கழித்தால் அசோகன் மறைந்த சிறிது காலத்திலேயே காரவேலன் வந்துவிடுகிறான். எழுத்தின் வடிவமும் சாதகர்ணியின் காலமும் அதற்கு ஒத்துவரவில்லை. 300 என்று கொண்டால் கி.மு. முதல் நூற்றாண்டு. இன்று பலர் நிற்பது இங்கே. 11ஆம் வரியின் 'தேரஸ வஸ ஸத' என்பதிலும் இதே சிக்கல்: 113 ஆண்டா, 1300 ஆண்டா? ஓரிடத்தில் 300 என்று கொண்டவர் மற்ற இடத்தில் 113 என்று கொண்டால் காரணம் சொல்லியாக வேண்டும். அந்த வரியில் 'திரமிர' அல்லது 'தமிர' என்பதும் 'சங்காதம்' என்பதும்தான் உள்ளன. சேர, சோழ, பாண்டியர் என மூவர் பெயரும் அங்கே இல்லை. பாண்டியன் தனியே 13ஆம் வரியில் வருகிறான், முத்தும் மணியும் கொண்டுவரச் செய்ததாக.

12ஆம் வரி: கலிங்க ஜினர்

மகத அரசன் பஹஸதிமிதனைக் காலில் விழச் செய்த செய்தியை அடுத்து, நந்த அரசன் கொண்டுபோன 'கலிங்க ஜின' (ஜினர் என்பது அருகரின் இன்னொரு பெயர்) மீட்டு வரப்பட்டது என்று வரும். சமண வரலாற்றில் இந்தச் சொற்களுக்குள்ள எடை பெரிது. பெரும்பாலோர் கொள்ளும் வாசிப்புப்படி, நந்தர் காலத்திலேயே கலிங்கத்தில் ஜினர் வழிபாடு இருந்தது, அதைப் பறித்துக்கொண்டு போவது நாட்டுக்கே இழுக்காகக் கருதப்பட்டது, நூற்றாண்டுகள் கழித்தும் மக்கள் அதை மறக்கவில்லை என்றாகிறது.

ஆனாலும் இரண்டு இடத்தில் நிதானம் தேவை. சிலை என்ற பொருளுடைய சொல் அங்கே இல்லை. 'ஸந்நிவேஸ' என்று இருக்கைக்கோ இடத்துக்கோ உரிய சொல்தான் படிக்கப்படுகிறது. உருவம் என்பது ஊகம், வலுவான ஊகம். இரண்டாவது, எந்தத் தீர்த்தங்கரர் என்பது. ரிஷபதேவர் என்று வழங்கிவருவதைக் கல்லின் சொல்லாக எழுதிவிடக் கூடாது.

இங்கே நிறுத்திவிட்டு, சற்றுக் கீழே உள்ள 9ஆம் குகையான மஞ்சபுரிக்கு ஒரு நடை போய் வாருங்கள். கீழ்த்தளத்துப் புடைப்புச் சிற்பத்தில் அரச கோலத்தினர் கைகூப்பி நிற்கிறார்கள், யானை நிற்கிறது, வானில் பறப்போர் வருகிறார்கள். எல்லாரும் பார்க்கும் திசையில் பீடத்தின்மேல் ஏதோ ஒன்று இருந்து சிதைந்துபோயிருக்கிறது. மீட்டு வந்த கலிங்க ஜினரை வணங்கும் காட்சி இது என்பார் சிலர். அந்தப் பீடத்தின்மேல் எஞ்சிய கல்லை நன்றாகப் பாருங்கள். முடிவு சொல்லப் போதுமான வடிவம் அதில் இல்லை.

14 முதல் 16 வரை: கொடையின் நடுமையம்

13ஆம் ஆட்சியாண்டு. 'வெற்றிச் சக்கரம் நன்கு சுழன்ற குமரி மலை' என்று இடம் சொல்லப்படுகிறது. அதுதான் நீங்கள் நிற்கும் உதயகிரி. அங்கே அருகர் நிஷீதிகையை (நினைவிடத்தை) ஒட்டித் துறவியருக்கு அரசன் செய்தவை வருகின்றன. காரவேலன் தன்னை 'உவாஸக', அதாவது இல்லறத்து அடியான் என்று சொல்லிக்கொள்வதும் இங்கேதான். தமிழ்ச் சமண வழக்கில் சாவகன்.

கல்வெட்டிலேயே கடினமான இடமும் இதுதான். அடிக்கோடிட்ட தாளை இப்போது எடுங்கள். மூன்று சொற்கள்.

முதலாவது 'சினவத'. சீனத் துணி, அதாவது பட்டு என்பது ஒரு வாசிப்பு. நோன்பு நிறைத்தவர் என்பது மற்றது. அடுத்து வரும் 'வாஸாஸித'. வெள்ளாடை என்பார் ஒருவர், மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்குவோர் என்பார் மற்றவர். முதல் வாசிப்பை எடுத்தால் துறவிகளுக்குப் பட்டும் வெள்ளாடையும் கொடுத்த அரசன் கிடைப்பான். அவர்கள் சுவேதாம்பரர் என்ற முடிவும் கூடவே வரும். இரண்டாவதை எடுத்தால் மழைக்கால நான்கு மாதமும் நடமாட்டத்தை நிறுத்தி ஓரிடத்தில் இருக்கும் துறவியர் கிடைப்பார்கள். பூச்சி, புழு, முளைக்கும் பயிர் எதையும் மிதித்துவிடக் கூடாது என்பதற்காக இன்றும் சமணத் துறவியர் காக்கும் நெறி அது. மழையில் ஒதுங்க இடம் வேண்டியவருக்குக் குகை வெட்டுவது என்பது இடத்தோடு நன்றாகப் பொருந்துகிறது. இரண்டாவது வாசிப்புக்கே நாங்கள் சாய்கிறோம்.

மூன்றாவது சொல்லில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். 'ஜீவதேஹ...' என்று தொடங்கிப் 'பரிகிதா' என்று முடிவதாகப் படித்தால், 'உயிரும் உடலும் வேறு என்பதைக் காரவேலன் ஆராய்ந்து தெளிந்தான்' என்று பொருள். சமணக் கொள்கையின் சாரத்தையே அரசன் உணர்ந்தான் என்று பலரும் எழுதுவது இதை வைத்துத்தான். அதே இடத்தைப் 'பரிகாதா' என்று படித்தால் 'உடல் சாயும் இடங்கள் தோண்டப்பட்டன' என்றாகிவிடும். ஓர் உயிர்க்குறியில் தத்துவம் குகையாகிறது. இகரக்குறி எழுத்தின் தலையிலிருந்து மேலே மடங்கும் கோடு. ஆகாரக்குறி வலப்பக்கம் நீளும் கோடு. பாறை பொரிந்த இடத்தில் இரண்டையும் பிரித்தறிவது எவ்வளவு கடினம் என்பதைத் தொலைநோக்கியில் பார்த்தால் தெரியும். உயிர் வேறு உடல் வேறு என்பது சமணத்தின் ஆணிவேரான நம்பிக்கைதான், ஐயமில்லை. அதைக் காரவேலனின் வாக்காக எழுதும்போது 'ஒரு வாசிப்புப்படி' என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

15ஆம் வரியில் எல்லாத் திசைகளிலிருந்தும் சிரமணர் (துறவியர்) வந்தது, பல யோசனை தூரத்திலிருந்து கல் கொண்டுவரப்பட்டது ஆகியவை வரும். 16இல் வைடூரியம் பதித்த தூண்கள், 75 லட்சம் என்று பொதுவாகக் கொள்ளப்படும் செலவு. தூண்கள் எங்கே என்று தேடுவீர்கள். அத்திகும்பாவுக்கு மேலே குன்றின் உச்சிக்கு ஏறினால், ஒருபக்கம் அரைவட்டமாக முடியும் பழைய கட்டடத்தின் அடித்தளம் அகழ்ந்து காட்டப்பட்டிருக்கிறது. கல்லில் சொன்ன வழிபாட்டிடம் அதுவாகலாம்.

16ஆம் வரியின் பிற்பகுதி இன்னொரு பள்ளம். 'முரிய கால' என்று படித்து, மௌரியர் காலத்தில் அறுபட்ட சமண மறைநூல்களான அங்க ஆகமங்களைக் காரவேலன் மீட்டான் என்பர். உதயகிரியில் பெரிய ஆகம மாநாடு நடந்தது என்ற பேச்சு இதிலிருந்து பிறந்தது. 'முகிய கல' என்று படித்தால் 64 கலைகளோடு கூடிய இசை, ஆடல்களை மீட்டான் என்றாகும். மூன்றாம் ஆட்சியாண்டில் காந்தர்வ வேதம் அறிந்தவன் என்று சொன்னதோடு இது ஒத்துப்போகிறது. இந்திரஜி இதே இடத்தில் மௌரிய ஆண்டு 165 என்று ஒரு தேதியையே கண்டார். பின்னால் அது கைவிடப்பட்டது. பழைய புத்தகங்களில் அந்த 165 இன்னமும் உலவுகிறது. கண்டால் நம்பாதீர்கள்.

17ஆம் வரியும் போர்க் கேள்வியும்

16ஆம் வரியின் முடிவில் காரவேலன் க்ஷேமராஜன், பிக்ஷுராஜன், தர்மராஜன் என்று அழைக்கப்படுகிறான். கடைசி வரியில் 'ஸவ பாஸண்ட பூஜகோ, ஸவ தேவாயதன ஸங்கார காரகோ' என்று வரும்: எல்லாச் சமயத்தாரையும் போற்றுபவன், எல்லாத் தேவ கோட்டங்களையும் செப்பனிடுபவன். வாசிப்பில் தகராறு குறைந்த தொடர் இது. 9ஆம் ஆண்டில் பிராமணருக்குக் கொடுத்த விலக்குரிமையையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சமணத்தைத் தழுவிய அரசன் பிறரை ஒடுக்கியிருப்பான் என்று எண்ணுவதற்கு இந்தக் கல்லில் இடமில்லை.

அதே வரியில் தடுக்க முடியாத படையும் தேரும் உடையவன் என்ற புகழும் உண்டு. கொல்லாமையை முதல் நோன்பாகக் கொண்ட சமயத்தவன் நகரைக் கழுதை ஏரால் உழலாமா? வாசிப்போர் எல்லாரும் கேட்கும் கேள்வி, கேட்க வேண்டிய கேள்வியும்கூட. சமணம் நோன்பை இரண்டாகப் பிரிக்கிறது. துறவிக்கு மகாவிரதம்: கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிரமசரியம், மிகுபொருள் விரும்பாமை ஐந்தும் முழுமையாக. இல்லறத்தானுக்கு அணுவிரதம்: அதே ஐந்து, அளவோடு. பிற்காலச் சமண அறநூல்கள் இல்லறத்தானின் கொலையை நான்காகப் பகுக்கின்றன. எண்ணித் துணிந்து செய்யும் சங்கல்பம், சமையல் முதலிய வீட்டு வேலையில் நேரும் ஆரம்பம், தொழிலில் நேரும் உத்தியோகம், எதிர்ப்பவரிடமிருந்து காக்கையில் நேரும் விரோதம். முதலாவது அறவே கூடாது, மற்றவற்றைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். காவலுக்குச் செய்யும் போர் இதற்குள் அடங்கலாம். 12ஆம் ஆண்டில் மகதத்தின்மேல் சென்று கங்கையில் யானைகளுக்கு நீர் காட்டியது அடங்குமா என்பதைக் கல் சொல்வதில்லை. அசோகன் கலிங்கப் போருக்கு வருந்தியதுபோல் இங்கே வருத்தச் சொல் எதுவுமில்லை. வென்றதையும் கொடுத்ததையும் ஒரே தொனியில் அடுத்தடுத்துச் சொல்லிப் போகிறது.

குகைகளில் பார்க்க வேண்டியது

மஞ்சபுரியின் மேல்தளத்தில் காரவேலனின் பட்டத்தரசி வெட்டுவித்த கல்வெட்டு இருக்கிறது. லாலாகன் என்ற அரசனின் மகள் அவள். 'அருகர்களின் பொருட்டுக் கலிங்கத்துச் சிரமணர்களுக்கு லேண செய்விக்கப்பட்டது' என்கிறது. லேண என்றால் குகை உறைவிடம். கொடை அரசனோடு நிற்கவில்லை, அரசியும் தனியே செய்தாள் என்பதற்கு இது நேர்ச்சான்று. கீழ்த்தளத்தில் குடேபசிரி என்ற அரசன் பெயரும் வடுகன் என்ற குமாரன் பெயரும் உண்டு. புலி வாய் போல வெட்டிய 12ஆம் குகையில் நகர நீதிபதி சபூதியின் பெயர். பெயர்களைத் தொகுத்தால் அரண்மனையும் அதிகாரிகளும் சேர்ந்து இந்தக் குன்றைத் துறவியருக்காகக் குடைந்தது தெரியும்.

ஏதாவது ஓர் அறைக்குள் குனிந்து போய் உட்காருங்கள். நிமிர்ந்து நிற்க முடியாது. தரை பின்சுவரை நோக்கிச் சற்றே உயர்ந்து போகும். தலை வைக்க அதுவே அணை. மாங்குளத்திலும் சித்தன்னவாசலிலும் கற்படுக்கையின் தலைமாட்டில் பார்த்த அதே ஏற்பாடு. படுக்கலாம், அமரலாம், வேறெதற்கும் இடமில்லை. அலங்காரமெல்லாம் வெளித் தாழ்வாரத்தில், கொடுத்தவர் கண்ணுக்கு. ராணிகும்பாவைப் பார்த்து அரசியின் மாளிகை என்பாரிடம் இந்த அறைகளைக் காட்டினால் போதும். ராணி, கணேசர், பாம்பு என்பதெல்லாம் பின்னால் மக்கள் இட்ட பெயர்கள்.

காரவேலன் காலத்தைச் சேர்ந்த குகைகளில் தீர்த்தங்கரர் உருவத்தைத் தேடாதீர்கள். அப்போது குறிகளும் மரமும்தான் வழிபாட்டில் முன்னின்றன. சாலையைக் கடந்து கண்டகிரியின் 3ஆம் குகையான அனந்தகும்பாவுக்குப் போனால் அறையின் பின்சுவரில் நந்திபாதமும் ஸ்ரீவத்சமும் ஸ்வஸ்திகமும் வெட்டப்பட்டிருப்பதைக் காணலாம். அத்திகும்பாவின் ஓரத்தில் குறித்துக்கொண்ட அதே குறிகள். நவமுனி, பாரபுஜி குகைகளில் வரிசையாக இருக்கும் தீர்த்தங்கரரும் இயக்கியரும் காரவேலனுக்கு மிகப் பிந்தியவர்கள். அவர்களைப் படமெடுத்துக் காரவேலன் கொடை என்று போடுவதுதான் இணையத்தில் அதிகம் காணும் தவறு.

கடைசியாகக் கண்டகிரியின் 11ஆம் குகை, லலாடேந்து கேசரி. பின்சுவரில் தரையிலிருந்து நல்ல உயரத்தில் தீர்த்தங்கரர் உருவங்களும் அவற்றுக்கு மேலே ஒரு சிறு கல்வெட்டும் உண்டு. இதற்கும் தொலைநோக்கி வேண்டும். உத்யோதகேசரியின் 5ஆம் ஆட்சியாண்டில், 11ஆம் நூற்றாண்டில் வெட்டியது. குமார மலையில் பாழடைந்த குளத்தையும் கோயில்களையும் திரும்பத் துலங்கச் செய்து, 24 தீர்த்தங்கரரை எழுந்தருளச் செய்ததாகச் சொல்கிறது. காரவேலனின் 17ஆம் வரியில் படித்த செப்பனிடும் வேலையை, ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு இதே குன்றில் வேறொரு மன்னர் காலத்து எழுத்தில் இங்கே படிக்கிறீர்கள். மாலை வெயில் சாய்வதற்குள் அங்கே போய்ச் சேருங்கள்.